எண்பத்தேழில் ஒன்று

மஹபூப்பாளையம், ஹபீபுல்லா வீட்டு மாடியறை,
மத்தியானம் மூன்றே கால்.
வெளியே நூற்றிரண்டு டிகிரி.
உள்ளே சுவிட்சர்லாந்தில் பனி.
பனி என்பது கோலமாவு,
அரைக் கிலோ, மெல்லிய துணியில் சலித்தது.
மலை என்பது
அவன் பல் ஆஸ்பத்திரியில் அச்செடுத்து மீந்த சுண்ணாம்பு.

மேசையின் கிழக்குப் பாதி என்னுடையது.
மேற்கு இங்கிலாந்து. ஒரு கிளைப்பாதை.
பச்சை எஞ்சின், செம்புத் தொப்பி போட்ட புகைபோக்கி,
கீழே பழுப்பும் மேலே பாலேடுமாய் இரண்டு பெட்டி,
இலவம்பஞ்சில் பதினோரு ஆடு.
மழைதான் வாய்க்கவில்லை.
வார்னிஷ் பூசிப் பார்த்தேன்,
பதநீர் சிந்தின இடம் மாதிரி இருந்தது.
எறும்பும் நம்பி வந்தது.

நாங்கள் இரண்டு பேருமே பாஸ்போர்ட் எடுத்ததில்லை.
ஆனால் முப்பத்தாறாம் வருஷத்துக் காலை ஏழு நாற்பது
எந்த நிறுத்தத்தில் பால் கேன் ஏற்றும் என்று
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
அவன், முதலை மூக்கு மின் எஞ்சின்
கொட்டார்டு ஏற்றத்தில் இழுத்த எடையை
நோயாளிகள் வாயைத் திறந்திருக்கும்போது சொல்வான்.
அவர்களால் மறுக்க முடியாது.

சண்டை ஒன்றே ஒன்று.
தண்டவாளம் இருவருக்கும் பொது,
பதினாறரை மில்லிமீட்டர்.
என் ஊர் எழுபத்தாறில் ஒன்று.
அவன் ஊர் எண்பத்தேழில் ஒன்று.
எல்லையில் நிற்கும் அவனுடைய ஸ்டேஷன் மாஸ்டர்
என் போர்ட்டரின் மீசைவரைதான் வருகிறார்.
"வளர்ந்து கெட்டவன் உன் ஆள்" என்பான்.
என் எஞ்சின்களுக்குத்தான் பாதை ஒடுக்கம்,
இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்.
விற்கிறவனே அப்படித்தான் விற்கிறான்.
"ரவிக்கைத் துணி கொஞ்சம் பற்றாத மாதிரியா?"
என்றாள் செங்கமலம், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு.
பிறகு வரவில்லை.

அன்றைக்கு ஜெபக்கனி வந்தாள்.
கீழ்ப் போர்ஷனுக்குப் புதிதாய்க் குடிவந்தவள்,
உதவி லோகோ பைலட்.
ராத்திரி முழுக்கத் தூத்துக்குடி நிலக்கரி,
தோளில் இன்னும் இறக்காத பை.
குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு வைத்துப் பார்த்தாள்.
ரிசல்ட் பார்க்க வந்த பையன்கள் மாதிரி நின்றோம்.

"கைகாட்டி இடப்பக்கம். சரி."
எனக்கு உயிர் வந்தது.
"இந்த வளைவுல இந்த வேகம்னா கவுந்துரும்ணே."
ஹபீபுல்லா மலையைப் பார்த்தான்.
அப்புறம் என் பச்சை எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்து,
"ஆளக் காணோமே" என்றாள்.

அவனிடம் பத்தொன்பது, என்னிடம் இருபத்திரண்டு.
சர்ச் வாசலில் கல்யாணக் கூட்டம் ஒட்டியிருக்கிறோம்.
பெஞ்சில் ஒரு குடிகாரன்.
சிக்னல் அறைக்கு நாய்.
ஓட்டுகிறவர் ஒருவர் இல்லை.
"டப்பாவில் தனியா வருது, ஆறு பேர்,
சுங்கவரி வேற..." என்று இழுத்தேன்.

"ரெண்டு பேர் வேணும்ணே.
ஒருத்தர் சிக்னலைப் பாத்துச் சொல்லணும்,
அடுத்தவர் திருப்பிச் சொல்லணும்.
சொல்லலேன்னா தூங்கிட்டான்னு அர்த்தம்."
சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.
"நிறுத்தாதீங்க. ஓடட்டும்."
ஷூவைக்கூடக் கழற்றாமல் உறங்கிப்போனாள்.

அவன் குமிழைக் குறைத்தான். நானும் குறைத்தேன்.
இரண்டு நாடும்
நத்தை வேகத்தில் நகர்ந்தன.
தையல் மெஷின் தூரத்தில் ஓடும் சத்தம்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், நிஜத் தண்டவாளத்தில்,
ஏதோ ஒரு வண்டி நீளமாய் ஊதியது.
கண் திறக்காமல்
ஜெபக்கனியின் வலது கை பாதி உயர்ந்தது.
"ஸ்டார்ட்டர், பச்சை."

நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
கை அப்படியே நின்றிருந்தது.

"பச்சை" என்றான் ஹபீபுல்லா.
கை இறங்கியது.

என் கைகாட்டி சிவப்பில் இருந்தது.
நகத்தால் மெல்லத் தட்டிவிட்டேன்.