மூன்று கோப்புகள்

எங்கள் அச்சகம் ஜம்பட்டா வீதியில்.
சாவுக்கென்று மூன்று கோப்பு வைத்திருக்கிறேன்.

சிவபதம் அடைந்தவர்
மறுபடி பிறக்காதிருக்க வேண்டும்.
கர்த்தருக்குள் நித்திரையானவரை
ஒரு நாள் எக்காளம் எழுப்பும்.
நிவன் சுவ கேட்கும் வெள்ளைப் பதாகைக்கு
விளக்கு அணைவதே சுகம்.
முஸ்லிம் வீட்டார் அச்சுக்குக் காத்திருப்பதில்லை:
லுஹருக்குப் பள்ளி ஒலிபெருக்கி,
அசருக்குள் மண்.

மை ஒன்றுதான். தாளின் விலையும்.

நேற்று, மின்வெட்டுக்கு முந்திய அவசரத்தில்
பெயரை மட்டும் மாற்றி
அருளம்பலத்தாரைக்
கர்த்தருக்குள் நித்திரையாக்கிவிட்டேன்.
இருநூறு பிரதி.

மனைவி தவமலர் வந்தா.
வாசித்தா. கண்ணாடியைத் துடைத்து
இன்னொரு தரம் வாசித்தா.
"திருப்பி அடிச்சுத் தாறன் அம்மா,
காசு வேண்டாம்."

"மற்றதெல்லாம் மாத்துங்கோ தம்பி.
நித்திரையை விடுங்கோ.
டயலிசிஸ் தொடங்கி மூண்டு வருசம்,
மனுசன் ஒரு இரவும் ஒழுங்காக் கண்மூடேல்லை."

சிவபதத்தில் நித்திரை என்று அடித்தேன்.
ஐயர் பார்த்தால் என்ன சொல்வாரோ.
மாதா கோவில் மணி ஆறு அடித்தது.
வெட்டுக்கத்தியின் கீழே
தாளை நேராக்கினேன்.