வலப்பக்கம் வெட்டினால் மட்டும்

தவயோகராணி மிஸ்ஸின் அல்டோவில்
சிவப்பு வட்டம், நடுவே ஓர் ஆச்சரியக்குறி.
தம்பிலுவிலில் ஒருவன் சொன்னானாம், சென்சர் அவுட்.
திருக்கோவிலில் இன்னொருவன், வயரை வெட்டிவிட்டால் சரி.
அக்கரைப்பற்றில் என் கராஜுக்கு வந்தபோது
நான் மூன்றாம் ஆள்.
பொனட்டைத் தூக்க முன்னமே என் வாயும் அதையே சொல்லிற்று.

கல்முனைக்குக் கோல் எடுத்தேன்.
"ஹாறூன் நானா, அல்டோவுக்கு ஒயில் டேங்க், மிதவையோட.
மூவாயிரத்து எண்ணூறா? பஸ்ஸில போட்டு விடுங்க."

மறுகாதான் பார்க்கத் தொடங்கினேன்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், விட்டேன்.
அதன் அடியில் சுவிட்ச் நல்ல பிள்ளை,
எரிந்தது, அணைந்தது.
மிதவையின் பிளக்கைக் கழற்றி
இரண்டு பின்னையும் கம்பித்துண்டால் இணைத்தேன், சிவப்பு.
எடுத்தேன், இருட்டு.
வயரில் களவு இல்லை.
உப்புக்காற்றூர், பச்சை பூத்திருக்கும் என்று
துணியோடு குனிந்தால்
பித்தளை பல்லைக் காட்டுகிறது.

"எரியேல்லையே, மிஸ்."
"நிக்கக்குள்ள எரியாது."

மடியில் கிளினிக் கொப்பி வைத்திருந்தார்.
ஐந்து ஊர்த் தாய்மாரின் நிறை, பிரஷர், அடுத்த திகதி.
பின்னட்டைப் பக்கம் திருப்பினார்.
காருக்கும் ஒரு பக்கம் இருந்தது.

போன வருசம் மே மூன்று, மணிக்கூட்டுக் கோபுரத்தடி. எரிந்தது.
மே ஏழு, தம்பட்டை வளைவு, போகக்குள்ள. இல்லை.
அதே வளைவு, வரக்குள்ள. எரிந்தது.
மே பதினொன்று, மழை. கோபுரத்தைப் பாதை தவறி இரண்டு சுற்று.
இரண்டு தரமும்.
ஜூன், திருக்கோவிலில் ஒயில் ஊற்றினார்கள். சுகம்.
இந்த வருசம் மார்ச், மறுபடியும்.
கடைசி வரியில் அடிக்கோடு:
வலப்பக்கம் வெட்டினால் மட்டும்.

"இத மத்தவங்களிட்ட சொன்னீங்களா?"
"அவங்க கேக்கல்ல."

டேங்குக்குள் மிதவை வலப்பக்கமாகக் குந்தியிருக்கிறது.
வலம் திரும்ப ஒயில் இடம் சாயும்,
மிதவை ஒரு நொடி தரை தட்டும்.
மயிரிழை அளவில் கோட்டின்மேல் நின்றது ஒயில்.
அதைத்தான் சென்சர் சொல்லிக்கொண்டிருந்தது,
கேட்க ஆளில்லாமல்.

சில்லுகளைக் கழற்றி ஒழுக்கைத் தேடினேன்.
குழாயின் கழுத்து, சில்லின் உள்பக்கம், பெடலின் அடி,
எல்லாம் காய்ந்த தூசி.
ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.
ஒயில் குறையவில்லை, கீழே போயிருக்கிறது.
முன் சில்லில் பேட் தேய்ந்து
அடையாள அட்டை மொத்தத்துக்கு வந்திருக்க,
பேட் விட்ட இடத்துக்குப் பிஸ்டன் நகர்ந்து
பிஸ்டன் விட்ட இடத்தில் ஒயில் போய் நின்றது.
திருக்கோவில்காரன் ஊற்றியது லைட்டுக்கு.

புதுப் பேட் ஏற்றப் பிஸ்டனைக் கிளாம்பால் தள்ளினேன்.
மேலே டேங்கில் ஒயில் ஏறிற்று,
கீழ்க்கோடு, நடு, மேல்க்கோடு,
அதற்கும் மேலே.
"வழியப் போகுது!"
மிஸ்தான் கண்டார். பட்டால் பெயின்ற் உரியும்.
நான் துணி தேட, அவர் பையிலிருந்து
உறை கிழிக்காத சிரிஞ்ச் ஒன்று எடுத்து
இழுத்தார். இன்னும் இழுத்தார்.
முப்பது மில்லி. கொப்பியில் ஏறியது.
நிறம், பிளேன்ரீ.

கோபுரத்தை மூன்று தரம் சுற்றினோம்.
எந்தக் கோயிலையும் நான்
இவ்வளவு கண்விழிப்பாய் வலம் வந்ததில்லை.
டாஷ்போர்ட் இருட்டாகவே இருந்தது.
"லீசிங் முடிய இன்னும் பதினாறு மாசம்,"
என்றார் மிஸ், யாரிடமோ போல.

நாலு மணி பஸ்ஸில் கல்முனைப் பார்சல் வந்தது.
ஹாறூன் நானா திருப்பி எடுக்கமாட்டாராம்.
ஸ்பானர் தட்டில் கிடக்கிறது.
சும்மா இருக்கிற நேரம் எடுத்து
ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பேன்.
உள்ளே மிதவை
டிக்.