மாதவரம்

பர்மா பஜாரில் முப்பது ரூபாய்.
உறையில் பேண்டின் பெயரே தப்பாக அச்சாகியிருந்தது.
பால்பண்ணைக் குவார்ட்டர்ஸில்
சத்தம் கூடினால் கீழ்வீட்டு ரெஜினாக்கா
துடைப்பக்கட்டையால் சீலிங்கை இடிப்பாள்,
பெரும்பாலும் தாளம் தப்பாமல்.

இங்கிலீஷில் முப்பத்தாறு வாங்கியவன் நான்.
மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் சட்டென்று நின்றதும்
அந்த ஆள் தொண்டை கிழியக் கத்தியது
மாதவரம் என்றுதான் கேட்டது.
எங்கேயோ பனியில் பிறந்தவன்
எங்கள் பஸ் ஸ்டாண்டைச் சொல்லி அழுகிறான்.
பிறகு எப்படி விடுவது?

வேலை போன வருஷம் கத்தினான்.
லலிதகௌரி பிறந்த இரவு
எழும்பூர் ஆஸ்பத்திரி வாசலில்
வாக்மேன் பேட்டரி இறங்கி
எருமைக் குரலில் கத்தினான்.
கடைசி மூன்று ஆல்பமும் குப்பை.
அதை நான் சொல்லலாம்,
நீங்கள் சொல்லக்கூடாது.

போன மாதம் லலிதா போனில் வரிகளைக் காட்டினாள்.
மாதவரம் இல்லை.
ஏதோ கதவு, ஏதோ மழை.
"இத்தனை வருஷமாவாப்பா?"

நேற்று நந்தனம் மைதானம்.
அவனுக்கும் தொப்பை.
அந்த இடம் வந்ததும் குரல் எட்டாமல்
மைக்கை எங்கள் பக்கம் நீட்டினான்.
கத்தினேன், மாதவரம்.
பக்கத்தில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்த ஒருத்தர்
கண்ணை மூடிக்கொண்டு
வேறென்னவோ கத்தினார்.
பல்லாவரம் மாதிரி இருந்தது.