மூன்று சூடு

பொலிஸ் தாளில் இருந்தது: மூன்று வெடி.
வாக்குமூலம் கொடுத்தவர் தம்பலகாமத்துக் கதிராமத்தம்பி.
எழுதிய கொஸ்தாப்பலுக்குத் தமிழ் அரைகுறை.
சரிபார்த்துக் கையெழுத்து வைத்தவன் நான்,
திருகோணமலை நீதவான் மன்றின்
மொழிபெயர்ப்பாளன், இரண்டாம் வகுப்பு.

"பங்குனி பத்தாந் தேதி பொழுதுபட
மூண்டு சூடு வைச்சிட்டுப் படுத்தன்."
அவர் சொன்னது இவ்வளவுதான்.

நான் துறைமுகத்துப் பிள்ளை.
அப்பா சுங்கத்தில் கிளாக்கர்.
எங்கள் வீட்டில் நெல் என்பது
சாக்கில் அரிசியாகவே விளைந்தது.
எண்பத்தைந்தில் சூடு என்றால்
எனக்கு ஒரே பொருள்:
கடைக் கதவுகள் மளமளவென்று இறங்கும்.

நாற்பத்தொரு நாள் மறியல்.
பிறகு நீதவான் என் வாயால் கேட்டார்:
எந்தப் பக்கம் வைத்தீர்?
"கிழக்கால ரெண்டு, ஐயா. வரம்போரம் ஒண்டு."
யாருக்கு?
"ரெண்டு எனக்கு. ஒண்டு காணிக்காரருக்கு."
அந்த ஒன்று என்ன ஆனது?
"மாடு திண்டிட்டுது."

பின்வாங்கில் இருந்த ஆட்கள்
வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.
நீதவான் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார்.
என் நாக்கில் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை.

கதிராமத்தம்பி கூண்டுக்குள் நின்றே
வெறுங்கையால் அடுக்கிக் காட்டினார்.
உப்பட்டியை அள்ளிக் கட்டி,
கதிர் உள்ளுக்கு, தாள் வெளியே,
வட்டம் வட்டமாக ஏற்றி
உச்சியைக் கூம்பாக முடித்தால்
மழை வழுகி ஓடும்.
ஈரத்தோடு வைத்தால் உள்ளே வேகும்,
கையை விட்டால் சுடும்.
"அதாலதான் சூடாக்கும்" என்றவர்
தன்னையே சந்தேகித்து,
"தெரியா ஐயா. எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்றது."

அன்றிரவு பழைய அகராதி ஒன்றை இரவல் வாங்கினேன்.
சூடு: வெப்பம். சுட்ட புண். மாட்டுக்கு இடும் குறி.
இன்னும் கீழே, பொடி எழுத்தில்,
அரிந்த நெற்கட்டு, அதன் குவியல்.
துப்பாக்கி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே
களத்தில் சூடு ஏறியிருக்கிறது,
எருமைகள் அதை மிதித்திருக்கின்றன.
பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப்
போர் என்ற சொல்லுக்கும் போனேன்.
அங்கேயும் வைக்கோல் கிடந்தது.
விளக்கை அணைத்துவிட்டேன்.

விடுதலையான நாள் வாசலில் மறித்துக் கேட்டேன்,
மற்ற இரண்டு சூடும்?
"ஆதம்பாவா மிசினால மிதிச்சு வைச்சிருக்கிறான்.
கூலியெண்டு கால்வாசி எடுத்திட்டான்."
கொஞ்சம் யோசித்து, "நியாயந்தான்" என்றார்.
பிழை யாருடையது என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
கொஸ்தாப்பலின் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.

கந்தளாய் பஸ் வந்தது, ஏறிப் போனார்.

மதிலோரம் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
யாருடையதோ பிணைப் பத்திரத்தை
ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது.
காவலாளி கல்லை எடுத்தான்.
நான் வேண்டாம் என்றேன்.