பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம்

ராத்திரி நிஜ எலி வந்து
மேசை எலியின் வாலைக் கடித்துவிட்டுப் போயிருந்தது.
திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பத்துக்குப் பதினாறு கடை. அதில் பாதி என்னுடையது.
நடுவில் பிளைவுட்.

டிராயரில் வயரில்லாத மவுஸ் ஒன்று கிடந்தது,
பங்கு பிரித்த அன்று என் பக்கம் வந்த சாமான்.
அதன் ரிசீவர், சுண்டுவிரல் நகமளவு,
சி.பி.யு. முதுகில் எட்டு மாதமாக
மரு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.
சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டேன்.
கடையில் மணி பத்து இருபதோடு நின்றது.
மவுஸின் வயிற்றில் சிவப்பு வெளிச்சம்.
உயிர் இருக்கிறது. பேச்சுதான் இல்லை.

ரிசீவரைப் பிடுங்கிச் செருகினேன். வேறு துளையில் செருகினேன்.
அடியில் உள்ள கடுகளவு பொத்தானை
ஊக்கு முனையால் மூன்று எண்ணும்வரை அமுக்கினேன்.
இடது, வலது, நடுச்சக்கரம் மூன்றையும் சேர்த்து
நாதஸ்வரக்காரர் துளை பொத்துவது போலப் பொத்தினேன்.
கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினேன்.
அம்பு திரை நடுவில்,
ஈர சிமெண்டில் கால் வைத்துக் காய்ந்த கோழி.

எதிரே தாழங்குடா செங்கமலம்,
தடைக்கால நிவாரணத்துக்குப் பதிய வந்தவர்,
ஆதாரும் பாஸ்புக்கும் மடியில்.
"மோட்டார் எடுக்கலன்னா எங்க ஊட்டுக்காரரு
அது தலையில ரெண்டு வைப்பாரு" என்றார்.
வைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பக்கம் தேசிங்கின் குரல்:
"எவண்டா அது... தானா ஓடுது!"

ஆட்டினேன். கத்தினான்.
நிறுத்தினேன். நிறுத்தினான்.
சந்தேகம் தீர ஒரு அமுக்கு அமுக்கி இழுத்தேன்.
"அய்யய்யோ, பெரியவரு தலைகீழாப் பூட்டாரு!"
கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போல.
படத்திலிருந்த பெரியவரிடம்
மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.
தேசிங்கிடம் கேட்கவில்லை.

பிரித்த அன்று
ஸ்டேப்ளர் முதல் லேமினேஷன் மெஷின் வரை
லிஸ்ட் எழுதி, சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டோம்.
கறுப்பு மவுஸ் இரண்டு, ஒரே பெட்டியில் வாங்கியவை.
ஆளுக்கொன்று என்று எழுதியிருக்கிறது.
எது எதனோடு பேசும் என்று எழுதவில்லை.

அன்றிலிருந்து
டீக்கடையில் அவன் பாய்லர் பக்கம் என்றால் நான் ரோட்டுப் பக்கம்.
இப்போது பார், என் கை அவன் மேசைமேல்.
எடுத்துவிடலாம்.
எடுக்காமல்
மெதுவாக ஒரு வட்டம் போட்டேன்.

அங்கே சத்தமில்லை.
ஒரு மினி பஸ் ஹாரன் அடித்து முடிக்கும் நேரம் வரைக்கும் இல்லை.
பிறகு டிராயர் இழுபடும் கிறீச்.
(எண்ணெய் போடு, எண்ணெய் போடு என்று
நாலு வருஷம் சொல்லியிருக்கிறேன்.)

என் திரையில் அம்பு அசைந்தது.

"தே... ஓடுது!" என்றார் செங்கமலம்.
ஓடியது,
கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடும் கை போல
எதிலெதிலோ முட்டிக்கொண்டு.
நான் டேப் விசையைத் தட்டித் தட்டிப் படிவத்தை நிரப்பினேன்.
கணவர் பெயர், படகு எண், வங்கிக் கிளை.
'சமர்ப்பி' மட்டும் டேப்புக்கு மசியவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு
பலகையைப் பார்த்துச் சொன்னேன்:
"கீழ."
இறங்கியது.
"இன்னும் கீழ. ரைட்ல. அவ்ளோ இல்ல,
திரும்ப வா. வா.
ஆங், அங்கதான்.
அமுக்கு."

அமுக்கினான்.

ஒப்புகை எண் வந்தது, பதினான்கு இலக்கம்.
செங்கமலம் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.
தேவைக்கு மேல் சத்தமாகவே படித்தேன்.
"எவ்ளோப்பா?"
"அறுபதுங்க."

பிளைவுட் சொன்னது:
"அதுல முப்பது என்னுது."