நாற்பத்தைந்து பாகை

எனக்குக் கொடுத்த வேலை கையைப் பார்ப்பது.
இலக்கைப் பார்க்க ஆளிருக்கிறது, பலகையைப் பார்க்கக் கூட்டமிருக்கிறது.
எனக்குத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை
ஒரே ஒரு கை.
சிவப்பு விளக்கு எரியும்வரை அது
தரையை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும்,
நாற்பத்தைந்து பாகைக்குக் கீழே.
பச்சை விழுந்தபின் எழலாம்.
முந்தினால் என் கொடி எழவேண்டும்.

மற்ற நாள்களில் நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
உட்லண்ட்ஸிலிருந்து அங் மோ கியோ வரை
எத்தனை புளோக், எத்தனை கதவு.
ஒரு கதவு மூட நான்கு விநாடி.
அந்த நான்கு விநாடிக்குள் இவர்கள்
ஐந்து இலக்குகளைச் சுட்டு முடிக்கிறார்கள்.

ஈசூன் உள்ளரங்கில் குளிரூட்டி பல்லைக் கிட்டவைத்தது.
வெளியே மூன்று மணி மழை.
காதுமூடிக்குள் என் மூச்சு
பக்கத்து வீட்டில் யாரோ மரம் அறுப்பதுபோல.

ஆறு பேரில் தாய்லாந்துக்காரர் முதலில் போனார்.
அடுத்து இந்தோனேசியர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
துடைத்ததையே திரும்பத் துடைத்தபடி.
நால்வர் மிச்சம், பதக்கம் மூன்று.
கடைசியில் சமமாய் நின்றவர்கள்
வியட்னாமின் குவான்,
நம்முடைய குகராஜ்.

நம்முடைய என்று எழுதிவிட்டேன் பாருங்கள்.
அந்தச் சொல்லைக் காலையில் வாசலில்
பாதுகாப்புச் சோதனைத் தட்டிலே
சாவிக்கொத்தோடு போட்டுவிட்டுத்தான் வந்தேன்.
திரும்ப எடுத்தது எப்போது, தெரியவில்லை.

குவான் சுட்டார். ஐந்தில் நான்கு.

"லோட்."
"அட்டென்ஷன்."
சிவப்பு.
ஏழு விநாடி இப்படி நிற்கவேண்டும்.
ஒன்று, இரண்டு.
சட்டைக் கை முடியும் இடத்தில் அம்மைத் தழும்பு.
மூன்று.
நான்கு, அதைச் சுற்றிக்கொண்டு இறங்கும் வியர்வை.
ஐந்து.
ஆறு தாண்டியபோது
கை அசைந்தது.
எழுந்தது என்றுகூடச் சொல்லமுடியாது,
தூக்கத்தில் குழந்தை உதட்டைச் சுழிக்குமே, அவ்வளவு.
பிறகு பச்சை.
பிறகு ஐந்து வெடி, ஒரே தையலாக.

ஐந்தும் விழுந்தன என்பதைக்
கூட்டத்தின் கூச்சல்தான் எனக்குச் சொன்னது.
"வந்துட்டான்யா!" என்றது ஒரு தமிழ்க் குரல்.

இரண்டு கொடி வேண்டும் என்பது விதி.
ஒரு கண் பிசகலாம் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள்.
எதிர்ப்புறம் சுரபாயாவின் திருமதி வுலான்டாரி,
காலையில் என்னோடு கோப்பிக் கடையில்
சீனி குறைத்துக் கேட்டு வாங்கியவர்,
அவர் கொடி எப்போதோ மேலே போயிருந்தது.
என்னுடையது தொடைமேல் கிடந்தது.

எவ்வளவு நேரம்?
ஒரு கதவு மூடும் நேரம் இருக்கும்.
வெளியே ஆள் ஓடிவருவது கேட்டும்
பொத்தானைத் தேடுவதுபோல் உள்ளே ஒருவன் நிற்பானே,
அந்த நேரம்.

அவன் கை முந்தியது, என் கை பிந்தியது.
அவனுக்கு ஐந்தில் இரண்டு கழிக்க விதி உண்டு.
எனக்கு ஒன்றும் இல்லை.

தூக்கினேன்.

மூன்று என்று அறிவித்தார்கள்.
காதுமூடியைக் கழற்றாமலே இருந்தேன்.
குகராஜ் குவானிடம் போய்க் கைகொடுத்தான்,
குனிந்து தன் தோட்டாக் கூடு ஒன்றைப் பொறுக்கினான்,
எதற்கோ, பிறகு அதையும் தொட்டியில் போட்டான்.

ஏழரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் நாங்கள் இருவர்.
துப்பாக்கியைக் கிடங்கில் ஒப்படைத்துக் கையெழுத்திட்டு
வெறும் பையோடு வந்திருந்தான்.

"ஆறாவது விநாடியா அண்ணே?"
"ஆறு தாண்டி."
"எனக்கும் தெரிஞ்சுது. அஞ்சும் விழுந்ததும்
யாரும் பாக்கலைன்னு நெனச்சிட்டேன்."

நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன்.
அதைச் சொல்லவில்லை.
மழை நின்றும் கூரை சொட்டிக்கொண்டிருந்தது.

பேருந்தை நிறுத்த அவன் கையை நீட்டினான்.
பழக்கதோஷம், கோணத்தைப் பார்த்தேன்.
பேருந்து இன்னும்
சந்தியைத் தாண்டவில்லை,
சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தது.