கடைசி ஆள்

ஞாயிறு நாலரை மணி, பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
டெம்போ வேன். இருபத்து மூன்று பேர்.
தாமதமாய் வருகிறவருக்குப் பொங்கியண்ணன்
பத்து ரூபாய் அபராதம் போடுவார்.
இறங்கி வந்ததும் அந்தக் காசில் கம்மங்கூழ்.

முன்னால் நடப்பவர் அவர்தான்.
மலைக்கு வருமுன்பே அதன் உயரத்தை
கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.
நான் கடைசி ஆள்.
கழுத்தில் விசில். பையில் கயிறு, எலுமிச்சை, உப்பு, பஞ்சு.
எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது,
வேலை அவ்வளவுதான்.

ஆறு வருஷமாக இவர்களை
முதுகுகளாகவே தெரியும்.
துளசிமணி டீச்சருக்கு இடது தோள் இறங்கியிருக்கும்.
டெய்லர் நாச்சிமுத்து பாறையிலும்
பெடல் மிதிக்கிற மாதிரியே கால் வைப்பார்.
ஃப்யூசிங் செக்‌ஷன் பிகாஷ் சாகு, ஒடிசாவில் மலையடி ஊர்,
எங்களுக்காக மெதுவாக நடக்கிறான்.
அவன் குதிகால்களுக்கு அது பிடிக்கவில்லை
என்பது எனக்கு மட்டும் தெரியும்.

குழுவுக்கு ஒரு நோட்டு உண்டு.
தேதி, மலை, எத்தனை அடி, உச்சி தொட்டவர் எத்தனை பேர்.
என்னிடமும் ஒன்று இருக்கிறது, யாரும் கேட்டதில்லை.
பாதியில் நின்றவர்களின் நோட்டு.

பாலமலை, மூன்றாம் திருப்பம். ரங்கநாயகி. செருப்பு வார்.
குருடிமலை, ஓடைக்கு அக்கட்ட. பேங்க் மேனேஜர்.
யானை லத்தி. ஆவி பறந்தது.
நாகமலை, ஒற்றை ஆலமரம். சிவகாமி.
ஒரு போன் வந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.
காரணம் என்ற இடம் இன்னும் காலி.

இன்று ஊதியூர்.

மரகதமணி, வயது ஐம்பத்தாறு, புதுசு.
சாயப்பட்டறையில் கணக்கு எழுதுகிறவர்.
கோயில் தாண்டி, படி முடிந்து,
பாறை தொடங்கும் இடத்தில் உட்கார்ந்தார்.
"நீங்க போங்கொ. நான் இங்கயே சித்த இருக்கறனுங்."
"போகக் கூடாதுங்க்கா. நான் கடைசி ஆளு."
"அப்ப நான் வந்தாத்தான் நீங்க மேல போக முடியுமா?"
"ஆமாங்."
ஒரு பேரேட்டுப் பக்கத்தைப் பார்ப்பதுபோல
என்னைச் சற்றுப் பார்த்தார்.
பிறகு நகர்ந்து
பாறையில் இடம் விட்டார்.

கீழே கொறங்காடு கட்டம் கட்டமாய்,
கிளுவை வேலிகள், வெள்வேல மர நிழல்கள்,
நிழல் விட்டு நிழலுக்கு நகரும் செம்மறிகள்.
தெற்கே தாராபுரத்துப் பக்கம் காற்றாலைகள்.
எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்தபடி
விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.
"நாப்பத்தியேழு சுத்துதுங். ஒண்ணு நிக்குது."
எனக்கு அது கண்ணிலேயே பட்டிருக்கவில்லை.

மேலிருந்து கூச்சல். சற்றைக்கெல்லாம் போனில் படம்:
உச்சியில் இருபது பேர், பிகாஷ் எடுத்தது.
பொங்கியண்ணன் இரண்டு விரல் காட்டுகிறார்.
மரகதமணி படத்தை விரித்தார்,
முகங்களைத் தள்ளிவிட்டு, முட்புதரைத் தள்ளிவிட்டு,
கீழ் மூலைக்குப் போனார்.
அங்கே ஒரு பாறை. அதன்மேல் இரண்டு புள்ளிகள்.
"நாமதானுங்?"
கள்ளிச்செடியாகவும் இருக்கலாம்.
ஆனாலும் போனை நான்
கொஞ்ச நேரம் திருப்பிக் கேட்கவில்லை.
இத்தனை உச்சிப் படங்களில்
நான் ஒன்றிலும் இருந்ததில்லை.

அவர்கள் இறங்கி வந்தபோது எழுந்து
கூட்டத்துக்கு முன்னால் அவரே நடந்தார்.
எல்லோரும் கடக்கும்வரை நான் நின்றேன்.
அவருடைய முதுகு மட்டும்
எனக்குக் கடைசிவரை அகப்படவில்லை.

வேனடியில் கூழ் ஊற்றும்போது
பொங்கியண்ணன் கையில் பத்து ரூபாயை வைத்தார்.
"இன்னிக்கு நீங்க நேரத்துக்கு வந்துட்டீங்களேக்கா."
"அடுத்த வாரத்துக்குங். அட்வான்ஸ்.
எப்படியும் லேட்டாத்தான் வருவேன்."

வாங்கலாமா கூடாதா என்று
அவர் விழித்துக்கொண்டு நிற்க,
மரகதமணி கூழை ஒரு மடக்குக் குடித்துவிட்டு
ரசீது கேட்டார்.